அவர் நடையில் நடந்தவர்

மேடையில் என் வீட்டுக்காரரின் கழுத்தை நெரித்தவர் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தார். இருவருக்கும் ஒரே பானையில்தான் சோறு வடிப்பேன். அவர் என்னை அண்ணி என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். என்னைவிட மூத்தவர்தான். என் வீட்டுக்காரருக்கு இளையவர் என்பதால் அப்படியே வாயில் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், ரப்பர் பால் வெட்டுகிற கித்தா மரங்களை ஒட்டி ஒரு பலகை வீட்டில் இருந்தோம். கட்டைக் கால்களின்மேல் தூக்கிக் கட்டிய வீடு. தரையும் பலகைதான், யார் எங்கே நடந்தாலும் வீடு முழுக்கக் கேட்கும். எங்கள் மகள் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள்.

இருவரும் முதலில் மரக்கட்டை லாரிகளில் சுமையேற்றிக்கொண்டிருந்தவர்கள். ஜொகூர் பாரு ரயிலடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், இவர்கள் கட்டை தூக்குவதைப் பார்த்துவிட்டுக் குஸ்திக்கு அழைத்துப் போனார். ஜொகூர் பாரு, குளுவாங், பத்து பகாட், மூவார் என்று கூத்தும் சூதாட்டமும் நடக்கிற பார்க்குகளில் குஸ்தி மேடை போடுவது அவருக்கு இன்னொரு தொழில். ரயிலடியில் தினமும் கண்ணில் படுகிற தமிழனை யார் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். தம்பிக்குத் தாடி அடர்த்தியாக வளரும். அதை வளர்க்கவிட்டு, தலைப்பாகை கட்டி, லாகூரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பயில்வான் என்று நோட்டீஸ் அடித்தார். தம்பி பிறந்தது சிலாங்கூரில் ஒரு தோட்டத்து லயத்தில். லாகூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்குக் குழந்தை முகம். மீசை வைத்தாலும் யாரோ ஒட்டிவிட்டதுபோல இருக்கும். அதனால் அவருக்கு முகமூடி. கறுப்பு சாட்டின் துணியில் அதை நான்தான் தைத்தேன். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை, பின்பக்கம் கயிறு கோத்து இறுக்க வேண்டும். நோட்டீஸில் அவருக்கு 'முகமூடிப் பயில்வான்' என்றுதான் பெயர். துரை ஒருவரின் மகன், குடும்ப மானத்துக்காக முகத்தை மறைத்திருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். கப்பலில் தீப்பிடித்து முகம் வெந்துபோனவன் என்றார்கள் சிலர். பாசாரில் என் காதுபடவே பேசுவார்கள். நான் மீன் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

யார் ஜெயிப்பது என்பது முன்னமே பேசி வைத்ததுதான். அதைக் கேட்டுவிட்டு எல்லாம் பொய் என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் மணலும் உமியும் கொட்டிய பள்ளம் ஒன்று வைத்திருந்தார்கள். வெயில் ஏறுமுன் அதில்தான் பழகுவார்கள். உள்ளங்கையைக் குழித்து அறைந்தால் சத்தம் அதிகம், வலி குறைவு. விழும்போது தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும், முதுகுக்கு முந்திக் கை தரையில் அறைய வேண்டும். ஒருவர் இன்னொருவரைத் தலைக்குமேல் தூக்குகிறாரே, அதில் பாதி பலம் தூக்கப்படுகிறவருடையது. அவர் சரியான நேரத்தில் எம்பிக் கொடுக்காவிட்டால் யாராலும் தூக்க முடியாது. நான் துணி துவைத்துக்கொண்டே பார்ப்பேன். அடித்துப் புரண்டவர்கள் நடுவில் நிறுத்திவிட்டு, 'அண்ணே, விரல் மடங்கிடுச்சா?' 'இல்லப்பா, நீ பிடி' என்று பேசிக்கொள்வார்கள்.

ஆனாலும் உடம்பு உடம்புதானே. என் வீட்டுக்காரரின் இடது காது அடிபட்டு அடிபட்டுக் காய்ந்த காளான்போல் சுருண்டுவிட்டது. அந்தப் பக்கம் அவருக்குக் கேட்காது. யாராவது பேசினால் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். வலது முழங்கால் ஒருமுறை திருகிக்கொண்டதில் அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் வைப்பார். பலகைத் தரையில் ஒரு அடி கனமாக விழும், அடுத்தது உரசும். முகமூடியோடு மேடையில் அவர் அப்படித் தலை சாய்ப்பதையும் இழுத்து நடப்பதையும் சனங்கள் திமிர் என்று நினைத்தார்கள். அதற்கென்றே கைதட்டுவார்கள். மத்தியானங்களில் நான் அந்த முழங்காலுக்கு எண்ணெய் சுடவைத்துத் தேய்ப்பேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார்.

அன்றைக்கு ஜொகூர் பாருவில் குஸ்திக்கு முன்னால் மழை கொட்டியிருந்தது. மேடையில் விரித்த கான்வாஸ் ஈரம். தம்பி அவரைத் தோளுக்குமேல் தூக்கும்போது, எம்ப வேண்டிய கால் வழுக்கிவிட்டது. தலை முதலில் இறங்கியது. நான் அங்கே இல்லை. தம்பி பிறகு சொன்னதுதான். தம்பி உடனே குனிந்து, சனங்களுக்குக் கழுத்தை நெரிப்பதுபோல் தெரியும்படி கையை வைத்துக்கொண்டு, முடியுமா அண்ணே என்று கேட்டிருக்கிறார். முடியும், நடத்து என்றிருக்கிறார் இவர். அன்றைக்கு ஜெயிக்க வேண்டிய முறை என் வீட்டுக்காரருடையது. எழுந்து, தம்பியை மடக்கிப் போட்டு, கையை உயர்த்தி நின்றிருக்கிறார். பார்க் முழுக்க ஆர்ப்பரித்ததாம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். தலை வெடிக்கிறது என்று மட்டும் சொன்னார். காலையில் வாந்தி. பிறகு என்னைத் தன் அக்காள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலாளி எங்கேயோ கார் பிடித்து வந்தார். தம்பி பின்சீட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்து, சடக்கில் குழி வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தார். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பார்க்கில் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? முகமூடிப் பயில்வான் ஜெயித்துவிட்டு மேடையை விட்டு இறங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். செத்தது தம்போயில் யாரோ ஒரு சுமையேற்றுகிற ஆள்.

கருமாதி முடிந்த பிறகு முதலாளி வந்தார். வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அது வேஷம் இல்லை. என் வீட்டுக்காரர்மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம் உண்டு. பிறகுதான் பேச்சை எடுத்தார். பத்து பகாட்டில் சுவர் முழுக்க முகமூடிப் பயில்வான் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, அடுத்து மூவார், தம்பியும் அண்ணனும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே கட்டு. லாகூர்ப் பயில்வான் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், எதிரே நிற்க வேறு ஆள் பிடிக்கலாம் என்றார்.

தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமலே, "அண்ணி, நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் முகமூடியைப் போடமாட்டேன்" என்றார்.

நான் உள்ளே போய் மகளுக்குச் சோறு ஊட்டினேன். ஊட்டும்போது பத்து பகாட்டில் அந்தச் சுவர்களை நினைத்துக்கொண்டேன். அங்கே இருக்கிறவர்களுக்கு அவர் இன்னும் வரப்போகிறவர். எந்த நாளில் வருவார் என்றுகூட அவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு ஊர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை. வெளியே வந்து, சரி என்றேன்.

முகமூடி தகரப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்தவுடன் அவருடைய வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம். தம்பிக்குத் தலை கொஞ்சம் பெரியது. இரண்டு ஓரத்திலும் தையலைப் பிரித்து, துண்டுத் துணி கொடுத்துத் தைத்தேன். அன்று காலையே தம்பி தாடியை மழித்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். முகவாய் வெளுத்து, யாரோ புது ஆள் மாதிரி இருந்தார். என் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னாலிருந்து கயிறு கோத்து இறுக்கினேன். எத்தனையோ தடவை செய்த வேலை, கை தானாக ஓடியது. கட்டி முடித்ததும் அவர் திரும்பினார். ஓட்டைகளுக்குள் வேறு கண்கள் இருந்தன. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்து பகாட்டில் நன்றாக நடந்தது, மூவாரில் இன்னும் நன்றாக நடந்தது என்று முதலாளி வந்து சொன்னார். பிறகு ஜொகூர் பாருவில் வைத்தபோது நானும் போனேன். டிக்கெட் கொட்டகைக்குப் பக்கத்தில் முதலாளி எனக்கொரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மகள் மடியில் தூங்கிவிட்டாள்.

முகமூடிப் பயில்வான் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்து. படியேறுவதற்கு முன்னால் நின்று, என் வீட்டுக்காரர் செய்வதுபோலவே உள்ளங்கையால் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடுவர் ஏதோ சொன்னதும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தார். இவ்வளவையும் யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. வருஷக்கணக்காக எதிரே நின்று பார்த்தவருக்கு எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் மூச்சை எப்போது இழுப்பார், எப்போது விடுவார் என்றுகூடத் தம்பிக்குத் தெரியும். அது தெரியாமல் அவரைத் தூக்கியிருக்க முடியாது.

எனக்குத் தெரியும் உள்ளே இருப்பது யார் என்று. கயிறு கட்டி அனுப்பியதே நான்தான். ஆனால் அவர் கீழே விழுந்து கொஞ்ச நேரம் எழாமல் கிடந்தபோது மகளை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அவர் எழுந்து கையை உயர்த்தினார். கூட்டம் கத்தியது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "இவனுக்குச் சாவே கிடையாதுப்பா" என்றார். அன்றைக்கு வீடு வரைக்கும் அந்தப் பேச்சு என்கூட வந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் தொடங்கியது. ஒரு மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. முன்னறைப் பலகையில் ஒரு அடி கனமாக விழுந்தது, அடுத்தது உரசியது. கையிலிருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் தம்பி, குடையை மூலையில் சாத்திக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், மேடையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே சத்தம். அடுத்த வாரமும். இடது பக்கமிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டால் தலையைச் சாய்த்து மறுபக்கக் காதைத் திருப்பினார்.

வெளியிலும் அவருக்குச் சரியாக இல்லை. தாடியும் தலைப்பாகையும் போன பிறகு அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பழைய ஆட்கள், பார்க்கில் வேலை பார்க்கிற யாரோ என்று நினைத்து, அவரிடமே வந்து, அந்த லாகூர்க்காரன் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தானா என்று கேட்பார்களாம். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வருவாராம். மத்தியானம் முழுக்கப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

ஒருநாள் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படியேறி, பலகையில் அந்த நடை கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நடுவழியில் நின்றுவிட்டாள். அழவில்லை. அவர் காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து என் சரோங்கைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் தம்பியிடம் கேட்டேன். மேடையில் எப்படி வேண்டுமானாலும் நடங்கள், வீட்டுக்குள் உங்கள் நடையில் நடக்கக்கூடாதா, பிள்ளை பயப்படுகிறாள் என்றேன். அவர் வெகுநேரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் ஒரு குறையும் கிடையாது.

"முயற்சி பண்ணிப் பார்த்தேன் அண்ணி. நான் எப்படி நடந்தேன்னு எனக்கு மறந்துபோச்சு."

"எழுந்து இப்ப நடங்க, நான் பார்க்குறேன்."

எழுந்தார். முன்னறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். இரண்டு காலையும் கவனமாக, ஒரே மாதிரி வைத்து. புதிதாக நடை பழகுகிற பிள்ளைபோல் இருந்தது. திரும்பி வரும்போது பாதியிலேயே வலது கால் உரசத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் நான் பார்த்தது பயம்தான்.

"நீங்க அதை விட்டுடுங்க தம்பி" என்றேன். "அவர் போயிட்டாரு. போனவரைப் போக விடுங்க."

மறுநாளே அவர் முதலாளியிடம் பேசினார். முதலாளிக்கும் கூட்டம் குறைய ஆரம்பித்த கவலை இருந்தது. முகமூடியைச் சும்மா கழற்றிவிட முடியாது, அதையும் ஒரு போட்டியாக வைக்கலாம் என்றார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய பஞ்சாபிப் பயில்வான், நிஜமான பஞ்சாபி, வருவார். தோற்றால் முகமூடி கழற்றப்படும். தம்பி தோற்பதென்று பேசி முடித்தார்கள்.

அந்த மாலை பார்க்கில் நிற்க இடமில்லை. ரோங்கெங் ஆடுகிற பெண்கள்கூடத் தங்கள் மேடையை விட்டு வந்து நின்றார்கள். பஞ்சாபிப் பயில்வான் தம்பியைக் கீழே அழுத்தி, முழங்காலை முதுகில் ஊன்றி, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் இறுக்கிக் கட்டிய கயிறு, லேசில் அவிழவில்லை. கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. துணிக்கு அடியில் என் வீட்டுக்காரருடைய முகம் இருக்கப்போகிறது என்று நம்பினேன். ஆசைப்பட்டேன் என்று சொல்லவில்லை. நம்பினேன். நல்லவேளை, மகளை அன்று பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன்.

முகமூடி வந்துவிட்டது. வியர்த்து, கயிறு அழுத்திய தடம் சிவந்து, தம்பியின் முகம் இருந்தது. வெளிச்சத்தில் கண் கூசி அவர் கையால் மறைத்துக்கொண்டார். கூட்டம் ஒரு நிமிஷம் பார்த்தது. துரை மகனும் இல்லை, வெந்த முகமும் இல்லை. "அட அலமாக், இவன்தானா" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லாரும் பலகாரக் கடைப் பக்கமும் கூத்து மேடைப் பக்கமும் கலைந்து போனார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, அடக்கத்திலும் அவ்வளவாக அழவில்லை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் எல்லா ஊரிலும் செத்தார். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பி அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. எங்கள் வீட்டிலும் இருக்கவில்லை. நான் போகச் சொல்லவில்லை, அவராகவே துணிமூட்டையைக் கட்டினார். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். நான் ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுத்து மகளை வளர்த்தேன். அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் பலகைகள் ஊறி, யாரும் நடக்காமலே சத்தம் போடும். பகலில் அது மரம்தான் என்று தெரியும். ஆனாலும் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம்.

மூன்று நான்கு வருஷம் கழித்து அவர் எங்களைத் தேடி வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, கையெல்லாம் அன்னாசி முள் கிழித்த கோடு. மகள் அவரை அடையாளம் தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பசியாறச் சொல்லி தோசை வைத்தேன். பேச்சோடு பேச்சாக, ஆடி அமாவாசைக்குப் பொந்தியான் கடற்கரைக்குப் போய் அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விடுகிறேன் என்றார். எனக்கு மனசு நிறைந்தது. பெண் பிள்ளை மட்டும் பெற்ற வீட்டில் யார் செய்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விடுறேன் அண்ணி. அவருக்கும், எனக்கும்."

உயிரோடு இருக்கிறவர் தனக்கே எள் இறைப்பதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. இன்னொரு தோசை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு நானும் பஸ் ஏறிப் பொந்தியானுக்குப் போனேன். கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. சேற்றில் முழங்கால்வரை இறங்கி அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பொட்டலத்தைப் பிரித்து எள்ளை நான்தான் அள்ளிக் கொடுத்தேன். ஒருவருக்கு உள்ளதை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். "அவ்வளவுதான் தம்பி, மேல ஏறி வாங்க" என்றேன். வந்தார்.